தலையை வணங்குகிறோம், பாதத்தை யார் பார்ப்பது?

(இறுதியாண்டு இயந்திரவியல் மாணவர் ஒருவரின் கருத்துக் கட்டுரை)



எங்கள் படவேட்டில் அம்மனைச் சிரசாகத்தான் கும்பிடுகிறோம். ரேணுகாதேவியின் கதை உங்களுக்குத் தெரியும். தந்தை சொல் கேட்டு மகன் தாயின் தலையை வெட்டிய கதை. அந்தச் சிரசைத் தரிசிக்க ஆடி மாதம் ஆரணி, போளூர், வேலூர், காஞ்சிபுரம் என்று நாலா பக்கத்திலிருந்தும் ஜனங்கள் வந்து குவிகிறார்கள். பஸ்ஸில் வருகிறவர்கள், டிராக்டரில் வருகிறவர்கள், வேண்டுதலுக்காக வெறுங்காலோடு நடந்தே வருகிறவர்கள்... மொட்டைத் தலை, கரகம் சுமந்த தலை, வேப்பிலை செருகிய தலை, எத்தனையோ தலைகள்!

அத்தனை தலைகளையும் சுமந்துகொண்டு வந்தது எது? கால்தானே?

அடுத்த ஆடியில் ஒரு காரியம் செய்து பாருங்கள். தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றும்போது யார் முகத்தையும் பார்க்காதீர்கள். ஒரு மணி நேரம் கீழேயே பாருங்கள். காய்ந்த ஏரிக்கரை மாதிரி வெடித்த குதிகால்கள் தெரியும். விரலிடுக்கில் வெள்ளையாய் ஊறிப்போன சேற்றுப்புண் தெரியும். கறுத்துச் சுருண்ட நகம், சுண்டுவிரல் மேல் கால் ஆணி, பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டுப்போட்ட கட்டைவிரல் எல்லாம் தெரியும். "என்ன தாத்தா, கால்ல கட்டு? வலிக்குதா?" என்று கேளுங்கள். "வலியெல்லாம் ஒண்ணும் இல்ல நைனா. அதனாலதான் அப்படியே விட்டுட்டேன்" என்று பதில் வரும்.

தோழர்களே, அந்தப் பதிலில்தான் ஆபத்து இருக்கிறது. வலிக்கிற காலை விட வலிக்காத காலுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். ஏன் என்பதைக் கட்டுரையின் நடுவில் சொல்கிறேன். முதலில் நாம் காலை நடத்துகிற விதத்தைப் பார்ப்போம்.

இரண்டு நாக்கு

காலைப் பற்றி நமக்கு இரண்டு நாக்கு. ஒரு நாக்கு "திருவடி" என்கிறது, "பாத பூஜை" என்கிறது. ராமன் காட்டுக்குப் போனபோது அவன் பாதுகையைத்தான் பரதன் அரியணையில் வைத்தான். கண்ணப்ப நாயனார் கடவுளின் கண் இருக்கும் இடத்துக்கு அடையாளமாய் வைத்தது தன் செருப்புக் காலை. இவ்வளவு மரியாதை!

இன்னொரு நாக்கு என்ன சொல்கிறது? "அவன் என் கால் தூசுக்கு ஆவானா?" "செருப்பால அடிப்பேன்!" திட்டுவதற்கு மட்டும் காலும் செருப்பும் வேண்டும். சாமி கால், பெரிய மனிதர் கால் என்றால் பூஜை. தன் சொந்தக் கால் என்றால்? முகத்துக்குப் பூச நாலு கிரீம் வாங்குகிறோம். தலைக்கு ஷாம்பு வாங்குகிறோம். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை செல்போனில் முகத்தைப் பார்த்துக்கொள்கிறோம். கடைசியாக உங்கள் உள்ளங்காலை எப்போது பார்த்தீர்கள்? நினைவிருக்கிறதா?

கொஞ்சம் கணக்கு

நாம் பாலிடெக்னிக் பிள்ளைகள். கணக்கோடு பேசுவோம்.

மனித உடம்பில் மொத்தம் 206 எலும்புகள். ஒரு பாதத்தில் மட்டும் 26. இரண்டு பாதத்துக்கும் 52. அதாவது உடம்பின் எலும்புகளில் நாலில் ஒரு பங்கு கணுக்காலுக்குக் கீழேதான் இருக்கிறது! உள்ளங்கால் வளைவைப் பாருங்கள். சிவில் தோழர்கள் பாலத்துக்குப் போடுகிற ஆர்ச் மாதிரி இருக்கும். ஆட்டோமொபைல் தோழர்களுக்கு அது லாரியின் பட்டை ஸ்பிரிங் மாதிரி தெரியும். பாரம் ஏறும்போது தாழ்ந்து, இறங்கும்போது எழும்.

தூணுக்கு அடியில் ஃபுட்டிங் ஏன் அகலமாகப் போடுகிறோம்? பாரத்தைப் பரப்புவதற்கு. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது, முதலாண்டிலேயே படித்ததுதான். 60 கிலோ எடையுள்ள ஒருவர் இரண்டு கால் ஊன்றி நிற்கிறார், தரையைத் தொடும் பரப்பு 200 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர செ.மீ.க்கு 300 கிராம். அவரே நடக்கும்போது ஒரு கணம் மொத்த எடையும் ஒரே காலின் முன்பகுதியில் இறங்குகிறது. அந்தப் பரப்பை 30 சதுர செ.மீ. என்று வைத்தால் சதுர செ.மீ.க்கு 2 கிலோ. ஏறக்குறைய ஏழு மடங்கு! அந்த இடத்தில் செருப்புக்குள் ஒரு சின்னக் கல்லோ, தலை தூக்கிய ஆணியோ இருந்தால் என்ன ஆகும்? நாள் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான அடி எடுத்து வைக்கிறோம். இரும்பே அப்படித் திரும்பத் திரும்ப அடி வாங்கினால் விரிசல் விடுகிறது என்று படிக்கிறோம். தோல் என்ன செய்யும்?

காலின் தொல்லைகளில் பெரும்பாலானவை மூன்றே காரணங்களில் அடங்கும். ஒன்று அழுத்தம், இரண்டு ஈரம், மூன்று அலட்சியம். முதல் இரண்டுக்கும் மருந்துக் கடையில் ஏதாவது கிடைக்கும். மூன்றாவதுக்கு நாமேதான் மருந்து.

சில்லறைத் தொல்லைகள் நாலு

சேற்றுப்புண்: படவேட்டுப் பக்கம் நெல்லும் வாழையும்தான் பிழைப்பு. நாற்று நடுகிற பெண்கள் காலை முதல் மாலை வரை சேற்றில் நிற்கிறார்கள். விரலிடுக்கு ஊறி, பூஞ்சைக் காளான் பிடித்து, அரித்து, வெடித்துப் புண்ணாகிறது. சேற்றில் இறங்காத நமக்கும் இது வரும். காலை எட்டு மணிக்கு மாட்டிய ஷூவை ராத்திரிதான் கழற்றுகிறோம். அதே சாக்ஸை வாரம் முழுக்கப் போடுகிறோம். ஹாஸ்டல் அறைக்குள் நுழைந்தால் மூக்கே சாட்சி சொல்லும்! ஷூவுக்குள்ளும் ஒரு சேற்று வயல்தான் இருக்கிறது தோழர்களே.

வழி ரொம்பச் சுலபம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கழுவினால் மட்டும் போதாது; ஒவ்வொரு விரலிடுக்கையும் துணியால் ஒற்றித் துடைக்க வேண்டும். இதற்கு அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷத்தைத்தான் நாம் கொடுப்பதில்லை. சாக்ஸைத் தினமும் துவைத்து வெயிலில் போட வேண்டும். ஷூவையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் காயவிட்டால் நல்லது. காளானுக்கு மருத்துவர் தரும் களிம்பை அரிப்பு நின்றவுடன் தூக்கிப் போடாமல், அவர் சொன்ன நாள் வரைக்கும் தடவ வேண்டும்.

"சேத்துப்புண்ணுதானே, ஆடு மேய்க்கறவனுக்கும் ஏர் ஓட்டறவனுக்கும் இது இல்லாம இருக்குமா?" என்று விட்டுவிடக் கூடாது. தோல் கிழிந்த இடம் கிருமிக்குத் திறந்த கதவு. வயல் தண்ணீரில் கலந்திருக்கும் எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. யானைக்கால் கண்டவர்களுக்கு அடிக்கடி காய்ச்சலும் வீக்கமும் வருவதற்கு இந்த விரலிடுக்குப் புண் ஒரு பெரிய காரணம். அவர்களுக்குத் தினமும் காலைக் கழுவித் துடைப்பதே பாதி வைத்தியம்.

பித்தவெடிப்பு: பெயரில் பித்தம் இருக்கிறதே தவிர, பித்தத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. குதிகால் தோல் தடித்து வறண்டுபோகிறது. வெறுங்காலில் நிற்கும்போது உடம்பின் பாரம் அதை அகலமாக விரிக்கிறது. ஈரப்பசை இல்லாத தோல் பிளந்துவிடுகிறது. ராத்திரி கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைத்து, பீர்க்கங்காய்க் கூட்டால் மெல்லத் தேய்த்து, துடைத்து, ஈரம் முழுதாகக் காயும் முன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவினால் போதும். எங்கள் ஊர் ஆயாக்கள் துவைக்கிற கல்லில் குதிகாலைத் தேய்த்தே சரிப்படுத்தினார்கள். பிளேடு மட்டும் வேண்டாம்.

கால் ஆணி: இதிலும் ஆணி ஒன்றும் இல்லை. ஒரே இடத்தில் செருப்பு அழுத்த அழுத்த, தோல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கெட்டியாகிறது. அதை அறுத்து எடுப்பதால் என்ன லாபம்? அழுத்துகிற செருப்பு அப்படியே இருந்தால் மறுபடியும் வரும். மெஷினில் பேரிங் தேய்ந்தால் காரணத்தைத் தேடாமல் பேரிங்கை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்போமா?

நகம்: விரல் நகத்தை நேராக வெட்ட வேண்டும். ஓரத்தை வளைத்து உள்ளே குடைந்து வெட்டினால் அது சதைக்குள் முளைத்துச் சீழ் பிடிக்கும். குளித்தவுடன் வெட்டினால் நகம் மெத்தென்று இருக்கும்.

செருப்பு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாயங்காலம் போங்கள், நாள் முழுக்க நடந்த கால் அப்போது கொஞ்சம் உப்பியிருக்கும். இரண்டு காலிலும் போட்டு நடந்து பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். "போடப் போட லூஸ் ஆயிடும் தம்பி" என்று கடைக்காரர் சொல்வார். லூஸ் ஆகும் வரை உங்கள் விரல்தானே வாங்கிக் கட்டிக்கொள்ளும்?

ஒரு முள்ளும் மதுரையும்

"முள்ளு குத்திச்சு, புடுங்கிப் போட்டுட்டேன்." இதைச் சொல்லாத கிராமத்து ஆள் கிடையாது. பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். முடியாத கதை ஒன்று உண்டு.

1842 ஆம் ஆண்டு மதுரையில் கில் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஒரு விசித்திரமான கால் நோயைக் குறித்து வைத்தார். பாதம் மெல்ல மெல்ல வீங்குகிறது. ஆங்காங்கே துளைகள் விழுந்து சீழோடு மணல் மணலாய்க் குருணை வெளியே வருகிறது. பல வருஷத்தில் எலும்பு வரை அரித்துவிடுகிறது. கொஞ்ச காலத்தில் இந்த நோய்க்கு "மதுரைக் கால்" என்றே உலக மருத்துவ நூல்களில் பெயர் விழுந்துவிட்டது. 1860 வாக்கில் பம்பாயில் இதை ஆராய்ந்து காளான் தொடர்பைக் காட்டியவர் கார்ட்டர். புகழ்பெற்ற கிரேயின் உடற்கூறு நூலுக்குப் படம் வரைந்த அதே கார்ட்டர்தான்! மண்ணில் இருக்கும் ஒருவகைக் காளானும் நுண்கிருமியும் முள் குத்திய வழியாக, சின்னக் காயத்தின் வழியாக உள்ளே போய்த் தங்குவதால் வருவது இது.

மல்லிகைக்கும் மீனாட்சிக்கும் பேர்போன ஊரின் பெயர் உலகப் புத்தகத்தில் ஒரு நோய்க்கு நிற்கிறதே, காரணம் என்ன? வெறுங்காலோடு மண்ணில் உழைத்தவர்களின் நோய் அது. செருப்புப் போட்டவர்களுக்கு வருவது அபூர்வம். உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது எந்த ஆண்டு தெரியுமா? 2016! கில் எழுதி 174 வருஷம் கழித்து. ஏழையின் கால் நோய்க்கு உலகம் கொடுக்கிற அவசரம் அவ்வளவுதான்.

வெறுங்காலுக்கு இன்னும் எதிரிகள் உண்டு. கொக்கிப்புழுவின் குஞ்சு ஈர மண்ணிலிருந்து பாதத்தின் தோலைத் துளைத்தே உடம்புக்குள் போகிறது. குடலில் உட்கார்ந்து ரத்தத்தை உறிஞ்சி ஆளைச் சோகையாக்குகிறது. பாம்புக் கடி பெரும்பாலும் விழுவது காலில்தான். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020 இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கரும்புத் தோட்டத்துக்கும் வாழைத் தோட்டத்துக்கும் ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிறவருக்கு ஒரு டார்ச் லைட்டும் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸும் எவ்வளவு பெரிய காவல்! முள்ளோ ஆணியோ ஆழமாகக் குத்தினால் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டெட்டனஸ் ஊசியைப் பற்றிக் கேட்க வேண்டும்.

வலி தெரியாத கால்

இப்போது அந்தத் தாத்தாவின் பதிலுக்கு வருகிறேன்.

படவேட்டிலிருந்து கண்ணமங்கலம் வழியாக வேலூருக்குப் போய், காட்பாடியைத் தாண்டினால் கரிகிரி. அங்கே 1955 இல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை இருக்கிறது. அதன் கதையில் வருகிற ஒரு மனிதரை நாம் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்டர் பால் பிராண்ட். 1914 இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். மருத்துவம் படிக்கும் முன் இங்கிலாந்தில் கட்டட வேலை பழகியவர். தச்சும் கொத்தும் தெரிந்தவர். ஒரு வகையில் அவர் நம்ம ஆள்!

1946 இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். அந்தக் காலத்தில் தொழுநோய் வந்தால் கை கால் அழுகி விழுந்துவிடும் என்றே எல்லோரும் நம்பினார்கள், மருத்துவர்கள் உட்பட. பிராண்ட் நோயாளிகளின் கூடவே இருந்து கவனித்தார். சதை தானாக அழுகவில்லை. நரம்பு கெட்டு வலி தெரியாமல் போகிறது. வலி தெரியாததால் முள் குத்தியும் எடுப்பதில்லை. கொப்புளம் வந்தும் நடையை நிறுத்துவதில்லை. சுடுகிற பாத்திரத்தைப் பிடித்தும் விடுவதில்லை. கெடுத்தது நோயை விட அந்த உணர்ச்சியற்ற நிலைதான். வலி என்பது மனிதனுக்குக் கிடைத்த ஒரு கொடை என்று அவர் ஆயுள் முழுக்கச் சொன்னார்.

கண்டுபிடித்ததோடு நிற்காமல், பட்டறைக்குப் போனார் தோழர்களே! அழுத்தத்தைப் பரப்ப வேண்டும் என்பதுதான் கணக்கு. நுண்ணிய காற்றறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பரை உள்ளடியாக வைத்துச் செருப்புச் செய்தார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்றும் அரசு மருத்துவமனைகளில் கேட்டிருப்பீர்கள். ரப்பரின் கடினம் 15 டிகிரி ஷோர் இருக்க வேண்டும் என்று அளவு வைத்தார்கள். அதைவிடக் கெட்டியானால் அழுத்தும், அதைவிட மெத்தென்றால் சீக்கிரம் சப்பையாகிவிடும். ஒரு மருத்துவப் பிரச்சினைக்கு மெட்டீரியல் டெஸ்டிங் பாடத்தில் விடை கிடைத்தது!

1966 இல் அமெரிக்காவில் கார்வில் என்ற ஊருக்குப் போன பிராண்ட், சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணைப் பார்த்தார். வேலூரில் பார்த்த அதே புண்! சர்க்கரையும் நரம்பைக் கெடுத்து உணர்ச்சியைக் கொன்றுவிடுகிறது. நம் மண்ணில் தொழுநோயாளிகளின் காலில் படித்த பாடம் அங்கே சர்க்கரை நோயாளிகளின் காலைக் காப்பாற்றப் பயன்பட்டது. அவர் மருத்துவர்களுக்குச் சொன்ன முதல் புத்திமதி என்ன தெரியுமா? சர்க்கரை நோயாளி வந்தால் செருப்பையும் சாக்ஸையும் கழற்றச் சொல்லி, காலைப் பாருங்கள். அவ்வளவுதான்!

இன்று இது நம் வீட்டுக் கதை. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023 இல் சொன்னது. "சர்க்கரை பணக்கார வியாதி" என்ற காலம் போயே போச்சு. எங்கள் தெருவிலேயே வீட்டுக்கு ஒருவர் மாத்திரை சாப்பிடுகிறார்கள். 2021 இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீடு தேடி வருகிறது. மாத்திரை வந்துவிட்டது, காலைத் திருப்பிப் பார்க்கிற வேலை வீட்டுக்காரர்கள் கையில்தான் இருக்கிறது.

சர்க்கரை உள்ளவர்கள் தினம் ஒரு முறை பாதத்தைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதன் மேல் காலைக் காட்டலாம். நம் ஜவ்வாது மலையில் காவலூரில் 2.3 மீட்டர் கண்ணாடி வைத்து நட்சத்திரங்களைப் பார்க்கிறார்கள். பாதத்தைப் பார்க்கக் கையகலக் கண்ணாடி போதுமே! வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்கக் கூடாது. கையை விட்டுப் பார்க்க வேண்டும். செருப்பைப் போடும் முன் தட்டி உதற வேண்டும். கால் ஆணிக்குக் கடையில் விற்கும் பிளாஸ்திரி, பிளேடு இரண்டும் ஆகாது. சிவப்போ, கொப்புளமோ, சின்ன வெட்டோ தெரிந்தால் வலிக்கவில்லை என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. மத்தியான வெயிலில் கோயில் கல்தளம் எப்படிக் கொதிக்கும் என்று நமக்குத் தெரியும். நாம் குதித்துக் குதித்து ஓடுவோம். உணர்ச்சியற்ற கால் ஓடாது. நிதானமாக நடந்து போகும். வீட்டுக்கு வந்த பிறகுதான் கொப்புளம் தெரியும். வெறுங்கால் வேண்டுதலை நான் குறை சொல்லவில்லை. சர்க்கரை உள்ள பெரியவர்கள் அதிகாலையிலோ பொழுது சாய்ந்தோ வரட்டும். பிரகாரத்தில் தடித்த பருத்தி சாக்ஸ் போட்டு நடக்கட்டும். தீமிதிப்பதை அவர்கள் விட்டுவிட வேண்டும். பெற்ற தாய் எந்தப் பிள்ளையின் காலைப் புண்ணாக்கிப் பார்க்க ஆசைப்படுவாள்?

செருப்பு யாருக்கு?

இவ்வளவு நேரம் கழுவு, துடை, பார் என்று சொன்னேன். அது பாதிதான். மீதிப் பாதி சோப்பால் தீராது.

நம்மைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை. தோலும் ஷூவும் கப்பல் ஏறும் ஊர்கள். நம் மாவட்டத்திலேயே செய்யாறு சிப்காட்டில் உலகப் புகழ்பெற்ற விளையாட்டு ஷூ தயாராகிறது. சுற்றுக் கிராமத்துப் பெண்கள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போய்ச் செய்கிறார்கள். ஆம்பூர்ப் பக்கம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூவின் மேல்தோலைக் கையால் தைக்கும் பெண்களுக்கு ஜோடிக் கணக்கில் கூலி. எங்கோ இருக்கிற கால்களுக்கெல்லாம் நம் ஜில்லாப் பெண்களின் கை மெத்தை போடுகிறது. அந்தப் பெண்களின் அம்மா படவேட்டு வயலில் வெறுங்காலோடு நாற்று நடுகிறாள். மலையிலிருந்து சாமையும் புளியும் சுமந்து இறங்குகிறவருக்குத் தேய்ந்து ஓட்டையான ரப்பர் செருப்பு. இது என்ன நியாயம்?

வறுமை மட்டும் காரணமா? அதையும் மறைக்காமல் பேசுவோம். செருப்புப் போட்டு நடந்தாலே குற்றம் என்று சொன்ன தெருக்கள் நம் நாட்டில் இருந்தன. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, குனிந்து போக வேண்டும். "இருந்தன" என்று இறந்த காலத்தில் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கலாமா? 2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பக்கம் ராஜாவூரில், காலம் காலமாகத் தடுக்கப்பட்டிருந்த ஒரு தெருவில் தலித் மக்கள் சுமார் அறுபது பேர் செருப்புக் காலோடு நடந்தார்கள். செருப்புப் போட்டு நடந்தது செய்தியானது, 2023 இல்! கொக்கிப்புழுவுக்கும் முள்ளுக்கும் சாதி தெரியாது. எந்தக் காலுக்குச் செருப்பு வேண்டாம் என்று முடிவு செய்தது மனிதன்தான்.

செருப்புத் தைக்கிறவரையும் அதே கண்ணால்தான் பார்க்கிறோம். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கிழிந்த குடைக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் அந்தத் தொழிலாளிக்கு ஊரார் கால் எல்லாம் அத்துப்படி. யாருக்கு எந்தப் பக்கம் தேய்கிறது, யார் எப்படிச் சாய்ந்து நடக்கிறார் என்பதைச் செருப்பைத் திருப்பிப் பார்த்தே சொல்வார். நம் லேப் இன்ஸ்ட்ரக்டருக்குக் கொடுக்கும் மரியாதையை அவருக்கும் கொடுத்தால் என்ன?

1968 வாக்கில் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைக் கலைஞரும் டாக்டர் சேத்தியும் சேர்ந்து உட்கார்ந்ததால்தான் ஜெய்ப்பூர் கால் பிறந்தது. ரப்பரில் செய்த செயற்கைப் பாதம். வயலில் நடக்கலாம், சம்மணம் போடலாம், மரம் ஏறலாம். சர்மா பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. கைத்தொழில் தெரிந்தவரும் மருத்துவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி. கரிகிரி இன்னொரு சாட்சி. இரண்டு இடத்திலும் இல்லாத ஒரு ஆள் நாம்தான், டிப்ளமோ மாணவன்.

நாம் என்ன செய்யலாம்?

ஒன்று, நம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து தொடங்குவோம். செருப்போடு லேத் முன் நிற்பது வீரம் இல்லை. கடைசலில் விழும் சூடான இரும்புச் சுருள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். ஸ்மிதி ஷாப்பில் தெறிக்கும் பொறிக்குக் கண் கிடையாது. ஷூ வாங்க முடியாத தோழர்களுக்குச் சங்கமே முன்நின்று வாங்கித் தர வேண்டும். மலர் விளம்பரத்தில் மீதியாகும் பணத்தை இதற்கு ஒதுக்கலாம் என்பது என் கோரிக்கை.

இரண்டு, கடைசி வருஷ ப்ராஜெக்ட். வருஷா வருஷம் பழைய ரிப்போர்ட்டைத் தூசி தட்டி பைண்டிங் செய்கிறோமே, அதற்குப் பதிலாக நடவு வயலுக்கு ஏற்ற, சேற்றில் கழன்று போகாத, சீக்கிரம் காய்கிற, ஏழை வாங்கக்கூடிய ஒரு காலணியை யோசிப்போம். வயலில் செருப்புப் போட்டால் சேறு பிடித்து இழுக்கும், அதனால்தான் போடுவதில்லை என்று நடவுப் பெண்கள் சொல்கிறார்கள். இது அலட்சியம் இல்லை, டிசைன் குறை. தீர்க்க வேண்டியது யார்?

மூன்று, ஆடித் தண்ணீர்ப் பந்தல். மோரோடு சேர்த்து நாலு பேசின், சோப்பு, சுத்தமான துணி, ஒரு கண்ணாடி. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு செவிலியரைக் கேட்டு அழைக்கலாம். 10 கிராம் விசையில் வளைகிற ஒரு நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டே உணர்ச்சி இருக்கிறதா என்று அவர்கள் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அந்தத் தாத்தாவின் கட்டை அவிழ்த்துப் பார்க்க ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான்.

படவேடு என்ற பெயர் படைவீடு என்பதிலிருந்து வந்தது. 14 ஆம் நூற்றாண்டில் சம்புவராயர்களின் தலைநகர். அன்று இங்கே தங்கிய படைகள் நடந்தே போரிட்டிருக்கும். ராஜாக்களின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. நடந்த கால்களின் பெயர் எதிலும் இல்லை. இன்றும் அப்படித்தான். நம்மைப் பாலிடெக்னிக் வரைக்கும் கொண்டு வந்து விட்டவை வரப்பில் நடந்த, சேற்றில் நின்ற, மலை ஏறி இறங்கிய கால்கள். செமஸ்டர் ஃபீஸ் ரசீதில் அந்தக் கால்களின் பெயர் இருக்காது.

பரீட்சைக்குப் போகும்போதும் வேலைக்குப் போகும்போதும் அப்பா அம்மா, தாத்தா ஆயா காலில் விழுந்து ஆசி வாங்குகிறோம். நல்ல பழக்கம்தான். விழுந்தவுடன் எழுந்துவிடாதீர்கள் தோழர்களே. "கொஞ்சம் காலைத் தூக்குங்க ஆயா" என்று சொல்லி, அந்த உள்ளங்காலைத் திருப்பி ஒரு முறை பாருங்கள்.